ஸ்டீலா, டிஷ்யூவா

என் நெஞ்சுக்குள் ஒரு சாமான் ஓடிக்கொண்டிருக்கிறது. அமைதியான அறையில் என் பக்கத்தில் உட்கார்ந்தால் உங்களுக்கும் கேட்கும்: டிக், டிக். மும்பை மாட்டுங்காவில் நான் வேலை பார்க்கும் ஆடிட்டர் ஆபீஸுக்குப் புதிதாக வருகிறவர்கள் முதலில் சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். அது பாட்டரி தீர்ந்து நின்று வெகுகாலம் ஆகிறது. பிறகு என் மணிக்கட்டைப் பார்ப்பார்கள். நான் வாட்ச் கட்டுவதில்லை. கொஞ்ச நேரம் தேடட்டும் என்று விட்டுவிடுவேன். ஆபீஸில் வேறு என்ன பொழுதுபோக்கு இருக்கிறது.

என் கணவருக்கு இந்தச் சத்தம் ஒரு வசதி. கோபம் வந்தாலும், எதையாவது மறைத்தாலும் இதயம் வேகமாக அடிக்கும், அதோடு சேர்ந்து டிக்டிக்கும் ஓட்டம் பிடிக்கும். "ஒனக்குப் பொய் சொல்லுத யோகமே இல்லட்டி. உள்ள இருக்கிறவன் போட்டுக் குடுத்துருவான்" என்பார். தீபாவளிக்கு அவருக்குத் தெரியாமல் சட்டை எடுத்து வைத்தால்கூட மாட்டிக்கொள்வேன்.

இந்தச் சாமானை எனக்காகத் தேர்ந்தெடுத்தது அப்பா என்று வெகுநாள் நினைத்திருந்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. ஒரு வார்த்தை தேர்ந்தெடுத்தது. அந்த வார்த்தையைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

பள்ளிக்கூடம் போகிற வயதில் எனக்கு ஒரு காய்ச்சல் வந்தது. தொண்டை வலியில் ஆரம்பித்து, முழங்கால், மணிக்கட்டு என்று மூட்டு மூட்டாக வீங்கவைத்துவிட்டுத் தானாகவே போய்விட்டது. தாராவியில் காய்ச்சல் வராத பிள்ளை ஏது, யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. போகிற போக்கில் அது இதயத்தின் வால்வு ஒன்றைக் கெடுத்துவிட்டுப் போயிருக்கிறது என்று தெரிந்தபோது நான் கல்லூரி முடித்து வேலை தேடிக்கொண்டிருந்தேன். ரயில்வே பாலத்தில் பாதி ஏறியதும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். பின்னால் வருகிறவர்கள் திட்டிக்கொண்டே விலகிப் போவார்கள். மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டும். சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடி தூங்குவேன். வால்வு இறுகிச் சுருங்கிவிட்டது, பலூன் விட்டு விரிக்கிற நிலையையெல்லாம் தாண்டிவிட்டது, நெஞ்சைத் திறந்து வால்வையே மாற்ற வேண்டும் என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள்.

வால்வு என்ற சொல்லுக்கு அப்பா கலங்கவில்லை. "வால்வுதானளா. கெட்டுப்போனா மாத்துதது தான" என்றார். அவருக்குத் தெரிந்த வால்வுகள் எல்லாம் அப்படித்தான்.

அப்பா தாராவியில் ஒரு ஸ்டீல் பாத்திரப் பட்டறையில் பாலிஷ் போடுகிறவர். ஒரு டம்ளரை விரல் கணுவால் ஒரு தட்டு தட்டி, தலையை லேசாகச் சாய்த்துக் கேட்டு, தகடு நல்லதா மட்டமா என்று சொல்லிவிடுவார். பட்டறை இரைச்சலில் அவர் காது மந்தமாகிவிட்டது. அம்மா எது சொன்னாலும் மூன்று தடவை சொல்ல வேண்டும். "பேசுனா கேக்காது, தகடு சத்தம் மட்டும் கேக்கும்" என்று அம்மா நொடிப்பாள். எங்கள் வீட்டில் உடைகிற சாமானுக்கு இடமே கிடையாது. தட்டும் குடமும் ஸ்டீல், சாமி விளக்குகூட ஸ்டீல். யாரோ கொண்டுவந்த கண்ணாடி டம்ளர் செட்டை அம்மா பெட்டியைப் பிரிக்காமலே இன்னொருவர் வீட்டுக் கல்யாணத்துக்குக் கொடுத்தாள்.

ஆபரேஷனுக்கு முன்னால் டாக்டர் அப்பாவையும் அம்மாவையும் தாழ்வாரத்தில் நிற்கவைத்துப் பேசினார். நான் வார்டில் இருந்தேன். ஆனால் அங்கே என்ன பேச்சு நடந்தது என்பது எனக்கு வரி பிசகாமல் தெரியும். அப்பா அதை எங்கள் சந்து முழுக்க, டாக்டரின் ஹிந்தியை நடித்துக் காட்டி, பல தடவை பெருமையாகச் சொல்லியிருக்கிறார்.

"தோ தரஹ் கா வால்வ் ஹை" என்றாராம் டாக்டர். "ஏக் மெட்டல் கா, ஏக் டிஷ்யூ கா." வால்வில் இரண்டு வகை, ஒன்று மெட்டல், ஒன்று டிஷ்யூ. மெட்டல் வைத்தால் ஆயுசுக்கும் ஓடும், ஆனால் ரத்தத்தைப் பட்லா பண்ணுகிற கோலியை, அதாவது நீர்க்கவைக்கிற மாத்திரையை, உயிர் இருக்கிறவரை தினமும் சாப்பிட வேண்டும், அடிக்கடி ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும். டிஷ்யூ வைத்தால் அந்தக் கோலி கொஞ்ச நாளைக்குத்தான். ஆனால் சின்ன வயசு உடம்பில் அது சில வருஷங்களில் தேய்ந்து கெட்டுப்போகும், மறுபடியும் நெஞ்சைத் திறக்க வேண்டியிருக்கும். கடைசியாக அவர் சொன்னது: "லட்கீ ஹை. ஃபேமிலி கா பீ சோச் லோ." பெண் பிள்ளை, ஃபேமிலியையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்கு டிஷ்யூ என்றால் கல்யாண விருந்தில் கை துடைத்துவிட்டு எறிகிற காகிதம். ஈரம் பட்டதும் விரலோடு பிய்ந்து வருவது. பெற்ற மகளின் இதயத்தில், ரத்தம் ஓடுகிற இடத்தில், அதை வைக்கலாமா என்று கேட்கிறார்களே என்று அவருக்கு ஆச்சரியம். ஏழைகளுக்கு என்று ஒரு மட்டமான சரக்கு வைத்திருப்பார்கள், நல்லதைக் கேட்டு வாங்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டார். அம்மாவுக்கு டிஷ்யூ என்றால் புடவை. அவள் கல்யாணத்துக்கு அவளுடைய அண்ணன் ஆசையாக எடுத்துக் கொடுத்த, ஜரிகை பளபளக்கும் டிஷ்யூ புடவை, அதிகம் கட்டாமலே டிரங்குப் பெட்டிக்குள் மடித்த மடிப்பில் கிழிந்து போனது. இன்றைக்கும் அதை நினைத்தால் அவளுக்கு வயிறு எரியும். "அது மடிச்ச எடத்துல கிழிஞ்சிரும்ங்க. வேண்டவே வேண்டாம்" என்று அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாளாம்.

டாக்டரின் கடைசி வார்த்தைக்கு அப்பா சொன்ன பதில் இன்னும் பிரமாதம். எங்கள் சந்தில் ஃபேமிலி என்றால் வீட்டு ஆட்கள். 'ஃபேமிலி ஊருக்குப் போயிருக்கு' என்று ஒருவர் சொன்னால் அவருடைய மனைவி ஊருக்குப் போயிருக்கிறாள் என்று அர்த்தம். வீட்டில் எல்லாரையும் கலந்து யோசித்துச் சொல்லுங்கள் என்று டாக்டர் மரியாதையாகக் கேட்கிறார் என அப்பா எடுத்துக்கொண்டார். அம்மாவைக் காட்டி, "சோச் லியா சாப். பூரா ஃபேமிலி இதர்ச் ஹை. லோஹா ஹீ டாலோ" என்றார். யோசித்தாயிற்று, மொத்த ஃபேமிலியும் இங்கேதான் நிற்கிறது, இரும்பையே போடுங்கள். டாக்டர் தலையாட்டிவிட்டு அடுத்த நோயாளியைப் பார்க்கப் போனார்.

அந்த டாக்டர்மீது எனக்குக் கோபம் இல்லை என்று சொன்னால் பக்கத்தில் இருப்பவருக்கு டிக்டிக் கேட்டுவிடும். நல்ல கைக்காரர். என்னைப் பிழைக்கவைத்தவர். அவருக்குப் பின்னால் எத்தனையோ பேர் காத்திருந்தார்கள் என்பதும் உண்மை. கல்யாணம் ஆகாத பெண்ணின் அப்பாவிடம் பிள்ளை பெறுவதைப் பற்றி எப்படி நேராகப் பேசுவது என்று கூச்சப்பட்டிருப்பார். அந்தக் கூச்சத்தில் ஒரு இங்கிலீஷ் வார்த்தைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். அந்த வார்த்தை எங்கள் தெருவில் வேறு வேலை பார்த்துக்கொண்டிருந்தது.

அப்பா வார்டுக்கு வந்து, "ஏளா, காயிதத்துல வைக்கட்டுமான்னு கேக்காவ" என்று சொன்னபோது நானும் சிரித்தேன். மூச்சு வாங்க வாங்கச் சிரித்தேன். எனக்கும் வேறு டிஷ்யூ தெரியாது. நான் படித்தது பி.காம்.

ஆபரேஷன் முடிந்து, நான் கண் விழித்து, வார்டுக்கு மாற்றிய பிறகு அப்பா என் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். தலையைச் சாய்த்து வெகுநேரம் கேட்டார். டம்ளரைத் தட்டிக் கேட்கிற அதே சாய்வு. பிறகு அம்மாவிடம், "சத்தம் சுத்தமா இருக்கு. நல்ல சரக்குதான்" என்றார். அன்றைக்கு அவர் முகத்தில் இருந்த நிம்மதி எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அந்தச் சாமான் ஸ்டீலே இல்லை, வால்வின் முக்கியமான பாகமெல்லாம் ஒரு மாதிரிக் கரியில் செய்தது என்று பின்னால் தெரிந்துகொண்டேன். அப்பாவிடம் சொல்லவில்லை.

மாத்திரைக் கதை தனி. ரத்தத்தைப் பட்லா பண்ணுகிற கோலி என்று ஆஸ்பத்திரியில் சொன்னதை அம்மா தமிழில் யோசித்தாள். ரத்தம் தண்ணியாகப் போனால் என்ன ஆகும்? முகம் வெளுக்கும், தலை சுற்றும், பெண்ணுக்குக் கல்யாணம் ஆகாது. ரத்தம் கெட்டியாக இருக்க வேண்டும் என்றுதானே ஊர் உலகம் பாடுபடுகிறது. டாக்டர் ஒரு பக்கம் ரத்தத்தைத் தண்ணியாக்கட்டும், நான் ஒரு பக்கம் ஊற வைக்கிறேன் என்று அவள் களத்தில் இறங்கினாள். முருங்கைக் கீரை, பசலைக் கீரை, அரைக்கீரை, வெந்தயக் கீரை என்று தாராவி மார்க்கெட்டில் இருந்த பச்சை எல்லாம் என் தட்டுக்கு வந்தது. வால்வில் ரத்தம் கட்டிக்கொள்ளாமல் இருக்கத்தான் அந்த மாத்திரை என்பதோ, கீரையில் உள்ள ஒரு சத்து அதன் வேலையைக் கெடுக்கும் என்பதோ எங்களுக்குத் தெரியாது. ரத்தப் பரிசோதனையில் அளவு நிற்கவே இல்லை. மாத்திரையைக் கூட்டினார்கள். அம்மா கீரையைக் கூட்டினாள். கடைசியில் ஒரு நாள் சோதனைக்கு வந்தவர்களில் யாரோ ஒரு அம்மாள் தன் சாப்பாட்டுக் கட்டுப்பாட்டைப் பற்றி நர்ஸிடம் புலம்பியதைக் கேட்டுத்தான் நானும் கேட்டேன். "கீரை சாப்பிடலாம், தினமும் ஒரே அளவாகச் சாப்பிட வேண்டும், திடீரென்று கூட்டக்கூடாது, திடீரென்று விடவும் கூடாது" என்றார் நர்ஸ். நான் வீட்டில் வந்து சொன்னது அம்மா காதில் 'கீரை ஆகாது' என்று விழுந்தது. அதன் பிறகு எங்கள் வீட்டுக்குள் கீரை நுழையவில்லை.

கல்யாணம் ஆயிற்று. கணவர் செம்பூரில் ஒரு கம்பெனியில் ஃபிட்டர். நெஞ்சில் ஆபரேஷன் ஆன விஷயத்தை மறைக்காமல் சொல்லித்தான் பேசினோம். "ஓடுற மெஷின் ஓடட்டும்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். செம்பூரில் அறை பிடித்தோம். தினமும் சாயங்காலம் விளக்கேற்றிய கையோடு மாத்திரை. அவரே தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பார்.

நாள் தள்ளிப் போனது என்று தெரிந்ததும் நாங்கள் முதலில் போனது அப்பா வீட்டுக்கு. இனிப்பு கொடுத்தோம். ஒரு வாரம் கழித்துத்தான், வழக்கமான ரத்தப் பரிசோதனைக்குப் போன இடத்தில், இதய டாக்டரிடம் சொன்னேன். இந்த முறை ஒரு பெண் டாக்டர். அவர் கையில் இருந்த பேனாவைக் கீழே வைத்தார்.

இந்த மாத்திரை வயிற்றில் இருக்கும் குழந்தையைப் பாதிக்கும், அதுவும் ஆரம்ப மாதங்களில் ரொம்பவே, என்று மெதுவாகச் சொன்னார். மெட்டல் வால்வு வைத்தவர்கள் பிள்ளை பெறாமல் இல்லை. ஆனால் முன்கூட்டியே வந்து சொல்லி, மருந்தை மாற்றி, ஊசி போட்டு, அடிக்கடி அளவு பார்த்து, கயிற்றின் மேல் நடப்பது போல நடக்க வேண்டும் என்றார். பிறகு கேட்டார்: "ஆபரேஷன் கே பெஹ்லே டாக்டர் நே ஃபேமிலி கே பாரே மே பாத் நஹீ கீ?" ஆபரேஷனுக்கு முன்னால் ஃபேமிலியைப் பற்றி டாக்டர் பேசவில்லையா?

ஃபேமிலி. அப்பா எங்கள் சந்து முழுக்க நடித்துக் காட்டிய அந்த வார்த்தை. எனக்கு அங்கே உட்கார்ந்த இடத்திலேயே எல்லாம் விளங்கிவிட்டது. "கீ தீ" என்றேன். பேசினார், நாங்கள்தான் வேறு எதையோ கேட்டோம் என்று அவருக்கு எப்படிச் சொல்வது.

மாத்திரையை நிறுத்தி ஊசிக்கு மாற்றினார்கள். ஊசி குத்திக் குத்தி வயிற்றில் கண்ட இடத்தில் நீலம் பாய்ந்தது. மூன்றாவது மாதம் முடிவதற்குள் கரு கலைந்துவிட்டது. மருந்தால்தானா, வேறு காரணமா என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார்கள். அதற்குப் பிறகு வால்வில் லேசாக ரத்தம் உறையத் தொடங்கி, நான் இன்னொரு முறை ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்தேன். இனி முயற்சி செய்ய வேண்டாம் என்று அந்தப் பெண் டாக்டர் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். என் கணவர் வீட்டுக்கு வந்ததும் எனக்குத் தண்ணீரும் மாத்திரையும் கொண்டுவந்து கொடுத்தார். அன்றைக்கு அதை விழுங்க எனக்குப் பிடிக்கவில்லை. விழுங்கினேன்.

டிஷ்யூ என்பதற்கு அர்த்தம் இன்னும் கொஞ்ச நாள் கழித்து, ஆபீஸில்தான் தெரிந்தது. எங்கள் ஆபீஸில் கணக்கு பார்க்கும் மாமி பாலக்காட்டுக் குடும்பம், மாட்டுங்காவிலேயே பிறந்து வளர்ந்தவர். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் சாயங்காலம் கடையில் வாங்குவதற்காக நான் மாத்திரைச் சீட்டை எடுத்து வைத்திருந்ததைப் பார்த்துவிட்டு, "நோக்கு மெட்டலா வெச்சா? எங்காத்து மாமாவுக்கு டிஷ்யூதான் வெச்சிருக்கா. இந்தக் கர்மமெல்லாம் கெடையாது" என்றார்.

கையில் எடுத்த சோற்றை டப்பாவிலேயே வைத்தேன். "கிழியாதா மாமி?" என்று கேட்டேன்.

"என்னது கிழியறது?"

"டிஷ்யூ பேப்பர்."

மாமி சிரிக்கத் தொடங்கினார். என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். "அடி அசடே. டிஷ்யூன்னா பேப்பர் இல்லேடி. சவ்வு. ஒடம்புல இருக்குமே, அது. மாட்டோட இதயத்தைச் சுத்தி இருக்கிற சவ்வை எடுத்து, மருந்துல போட்டுப் பதப்படுத்தி, தெச்சு வெக்கறா." பிறகு சுற்றிலும் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். "மாடுன்னு மாமாகிட்டே நான் இன்னும் சொல்லலை. காய்கறிலேந்து பண்ணினதுன்னு நெனச்சிண்டு, நித்யம் சந்தியாவந்தனம் பண்ணிண்டிருக்கார். நீ எங்கேயாவது ஒளறி வெக்காதே."

அன்றைக்கு நானும் மாமியோடு சேர்ந்து சிரித்தேன். பிறகு பாத்ரூமுக்குப் போய் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். சவ்வு. அந்த ஒரு சொல்லை யாராவது அன்றைக்கு எங்கள் அம்மாவிடம் சொல்லியிருந்தால் போதும். ஆட்டுக்கறி வாங்கிக் கழுவுகிறவளுக்கு சவ்வு எவ்வளவு உறுதி என்று தெரியும். அதைப் பிய்ப்பதற்கு அவள் அரிவாள்மனையோடு மல்லுக்கு நிற்பதை எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை பார்த்திருக்கிறேன்.

என் வருத்தம் இன்னதுதான் என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. டிஷ்யூ வைத்திருந்தால் எல்லாம் நன்றாக நடந்திருக்கும் என்று யாரும் எழுதிக் கொடுக்கப்போவதில்லை. பிள்ளை பிறந்த கையோடு வால்வு கெட்டு, இரண்டாவது ஆபரேஷன் மேஜையிலேயே நான் போயிருக்கலாம். எல்லாம் விளங்கிய பிறகும் ஒரு பெண் மெட்டலையே கேட்கலாம். அதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் எனக்கு அப்படிக் கேட்கிற வாய்ப்பே வரவில்லை. என் வாழ்க்கையின் பெரிய முடிவு ஒரு காகிதத்துக்கும் ஒரு பாத்திரத்துக்கும் நடுவே எடுக்கப்பட்டது. அது நெஞ்சில் முள்ளாக இன்னும் கிடக்கிறது.

அப்பாவிடம் நான் எதையும் சொல்லவில்லை. அம்மாவிடம் ஒருமுறை மனம் தாங்காமல் சொன்னேன். அம்மா அப்பாவிடம் சொல்லிவிட்டாள் என்பது, அவர் அந்த டாக்டர் கதையை நடித்துக் காட்டுவதை நிறுத்தியதிலிருந்து எனக்குத் தெரிந்தது. பக்கத்து வீட்டுக்காரர் ஒருமுறை, "அந்த லோஹா கதயச் சொல்லுங்கண்ணே" என்று கேட்டபோது, அப்பா காது கேட்காதவர் போல எழுந்து போய்விட்டார்.

போன வருஷம் அப்பாவுக்கு மூச்சு வாங்கியது. பட்டறை வேலையை விட்டு ஓய்ந்து உட்கார்ந்திருந்த மனிதர், வீட்டின் மேல் தட்டுக்குப் போகிற இரும்பு ஏணியில் பாதியில் நின்றுவிட்டார். கம்பியைப் பிடித்துக்கொண்டு அவர் நின்ற விதத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. அவருக்குக் கெட்டது வேறு வால்வு, காரணமும் வேறு; வயதாகித் தடித்து, சுண்ணாம்பு படிந்து இறுகிப் போயிருந்தது. மாற்ற வேண்டும் என்றார்கள்.

இளவயது டாக்டர் ஒருவர் எங்கள் மூன்று பேரையும் உட்காரவைத்துப் பேசினார். "அங்கிள் கே லியே டிஷ்யூ வால்வ் பெஸ்ட் ஹை" என்றார். இந்த வயதில் டிஷ்யூ சீக்கிரம் தேயாது. அதோடு அப்பாவுக்கு வயிற்றில் பழைய புண் இருக்கிறது. ஒருமுறை ரத்த வாந்தி எடுத்து ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறார். அவருக்கு மெட்டல் வைத்து ரத்தத்தைப் பட்லா பண்ணுகிற மாத்திரையைக் கொடுத்தால், அந்தப் புண் திறந்துகொண்டால் நிறுத்த முடியாமல் போகும். டாக்டர் இதையெல்லாம் சொல்லி முடிக்கும்வரை அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நிமிர்ந்து, "நஹீ சாப். மேரே கோ பீ லோஹா டாலோ" என்றார். எனக்கும் இரும்பே போடுங்கள்.

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அப்பாவைச் சம்மதிக்கவைத்து அழைத்து வாருங்கள் என்று டாக்டர் பக்கத்தில் இருந்த சின்ன அறையைக் காட்டினார். அம்மா உள்ளே வர மாட்டேன் என்று வெளியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

அறையில் ஏசி இருந்தது. கதவைச் சாத்தியதும் வெளிச்சத்தம் எல்லாம் அறுந்து போனது. நான் அப்பாவின் மந்தம் குறைந்த காதின் பக்கமாக நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

"என்னத்துக்குப்பா பிடிவாதம்?"

"நீ திங்கிற கோலிய நானும் திங்கேன்" என்றார். "ஒனக்கு வச்சதுதான் எனக்கும். எனக்கு மட்டும் என்ன சொகுசு?"

"இது சொகுசாப்பா? ஒங்க வயித்துப் புண்ணுக்கு அந்தக் கோலி எமன்னு சொல்லுதாரு."

"இருக்கட்டும்." பிறகு, "ஒனக்கு ஆகாதுன்னு நானும் அன்னைக்கே கீரைய விட்டுட்டேன். வெளிய விசேஷத்துக்குப் போனாக்கூடத் தொடுததில்ல. ஒங்கம்மாட்ட கேளு" என்றார்.

எனக்குத் தெரியாது. வீட்டில் கீரை வராததால் அவர் தட்டில் இல்லை என்றுதான் நினைத்திருந்தேன். எனக்குக் கீரை ஆகாது என்று யாருமே சொல்லவில்லை, ஒரே அளவாகச் சாப்பிடத்தான் சொன்னார்கள் என்று அவரிடம் எப்படிச் சொல்வேன். மனிதர் இத்தனை வருஷமாகப் பிராயச்சித்தம் செய்திருக்கிறார், அதையும் தப்பாகக் கேட்டுக்கொண்டு. சொல்லாமல் விழுங்கிக்கொண்டேன்.

பிறகு டிஷ்யூ என்றால் என்ன என்று அவருக்குச் சொன்னேன். தமிழில் சொன்னேன். சவ்வு, பதப்படுத்தியது, கையால் தைத்தது, மாட்டுடையது. உங்கள் வயதில் அது மெதுவாகத்தான் தேயும். காகிதம் இல்லை. கிழியாது. அம்மாவின் புடவையும் இல்லை. அப்பா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். அவசரப்படாமல் கேட்டார். அவருக்கு எல்லாம் விளங்கியது. விளங்காத ஆள் இல்லை அவர், என்றைக்குமே.

"ஏளா, ஒண்ணு கேக்கேன்" என்றார் கடைசியில். "அன்னைக்கு ஒனக்கு இப்பிடி ஒருத்தர் வெளங்கச் சொல்லியிருந்தா, நீ எதக் கேட்டிருப்ப?"

டிஷ்யூதான் கேட்டிருப்பேன். இரண்டாம் முறை நெஞ்சைத் திறக்கிறார்கள் என்றால் திறக்கட்டும் என்று கேட்டிருப்பேன். அதில் எனக்கு ஒரு நிமிஷம்கூடச் சந்தேகம் வந்ததில்லை. ஆனால் அந்தப் பதிலைச் சொன்னால் இந்த மனிதர் தனக்குத் தண்டனை கொடுத்துக்கொள்ள மெட்டலையே கேட்பார், அந்த மாத்திரை அவரைக் கொன்றுவிடும்.

"ஸ்டீல்தாம்ப்பா" என்றேன். "ரெண்டாந்தடவ நெஞ்சக் கிழிக்க யாரு படுப்பா? நீங்க கேட்டதத்தான் நானும் கேட்டிருப்பேன்."

அப்பா தலையை லேசாக என் பக்கம் சாய்த்தார். எனக்கு அந்தச் சாய்வு தெரியும். அமைதியான அந்த அறையில் என் நெஞ்சுக்குள் டிக்டிக்கென்று ஓட்டம் பிடித்திருந்தது. துப்பட்டாவை இழுத்து நெஞ்சுமேல் போட்டுக்கொண்டேன், துணி போட்டால் நின்றுவிடுகிற மாதிரி. அப்பா கண்ணை மூடிக்கொண்டு அதையும் அதற்குள் இருந்த பொய்யையும் கேட்டுக்கொண்டே இருந்தார்.

"சரி. சவ்வே வைக்கச் சொல்லு. பேனா இருக்கா?" என்றார்.

சம்மதத் தாளில் தமிழில் ஒவ்வொரு எழுத்தாகக் கையெழுத்துப் போட்டார். போட்டு முடித்துப் பேனாவை என்னிடம் நீட்டும்போது, "தகடு நல்லதுதாம்ட்டி" என்றார். "நாந்தான் அன்னைக்குக் கேக்கத் தெரியாம கேட்டுட்டேன்."

நான் பேனாவை வாங்கி மூடி, பைக்குள் போட்டுக்கொண்டேன்.